முரடுக்கு லீவு

எங்கள் தொழிலில் விஷத்துக்குப் பெயர் மருந்து. அதை அடித்தும் பூச்சி சாகவில்லை என்றால், மருந்து கேட்கவில்லை என்போம். "அண்ணே, கேக்கல" என்று காலி பாட்டிலைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைக்கிற முகங்களை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துவருகிறேன். நானும் சளைக்காமல் "அளவைக் கூட்டி அடிங்க" என்பேன். அதற்கும் கேட்காவிட்டால் வேறு கலர் பாட்டிலை நீட்டுவேன். வெள்ளை ஈ என்கிற அந்தச் சனியன் எல்லாக் கலரையும் பார்த்துவிட்டது. இலைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, நான் விற்றதையெல்லாம் குடித்து ஏப்பம் விடுகிறது.

இந்த அலுப்பில்தான் மச்சினன் கம்பெனியில் பணம் போட்டேன். மனைவியின் தம்பி. பூச்சிகளைப் பற்றிப் பெரிய படிப்பு படித்ததால் குடும்பத்துக்கே அவன் டாக்டர். எதற்கும் கேட்காத வெள்ளை ஈக்குப் புது மருந்து கண்டுபிடிப்பதாகக் கிளம்பினான். கம்பெனி என்றால் மலைத்துவிட வேண்டாம். டயர் கடைக்கு மேலே மூன்று அறை, அவன், பூச்சி வளர்க்க ஒரு அம்மாள். அவ்வளவுதான்.

நான் போட்டது, தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்க ஒதுக்கிவைத்திருந்த பணம். இப்போது குடியிருப்பது மூன்றாவது மாடி. ஐம்பத்திரண்டு படி. மனைவிக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. இருபத்தாறாவது படியில், திருப்பத்தில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருக்கிறாள். ஏறும்போது அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் மீதிப் படி.

அன்று காலை இறங்கும்போது அந்த ஸ்டூலை நானே எடுத்துப் போய் மாடிப்படிக்குக் கீழே போட்டேன். மேலிருந்து எட்டிப் பார்த்து, "எதுக்கு எடுக்கறீங்க?" என்று கேட்டாள்.

"இனிமே எதுக்கு? வீடு பாக்க ஆரம்பி."

அப்படிப் பேச எனக்குக் காரணம் இருந்தது. பதினோரு மணிக்கு எங்கள் மருந்தை விலைக்கு வாங்க ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார்கள். மூன்று தொட்டிச் செடிகளைக் காட்டப்போகிறோம். மூன்றிலும் கேட்காத வெள்ளை ஈ. ஒன்றில் பழைய மருந்து, ஒன்றில் எங்கள் மருந்து, ஒன்றில் வெறும் தண்ணீர். முந்தின நாள் காலையே அடித்து வைத்தாயிற்று. பழைய மருந்து மட்டும் என் கடையிலிருந்து போனது. "உங்க கடையிலயே எது படு உதவாக்கரையோ அதைக் கொண்டாங்க மாமா" என்றான் டாக்டர். காலாவதியாகி மூன்று வருடமான பாட்டிலைத் தூசி தட்டிக் கொடுத்தேன்.

ஒன்பது மணிக்கு நான் போனபோது டாக்டர் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நீங்களே பாருங்க மாமா."

எங்கள் மருந்து அடித்த செடியில் இலை இலையாக ஈக்கள் செத்துக் கிடந்தன. வயிறு குளிர்ந்தது. தண்ணீர் அடித்த செடியைத் தட்டினேன், மாவு மாதிரி பறந்தன. பழைய மருந்துச் செடியைத் தட்டினேன். ஒன்றும் பறக்கவில்லை. இலையைத் திருப்பினேன். அத்தனையும் காலி. ஊரே கேட்கவில்லை என்று திட்டுகிற மருந்து, அதுவும் காலாவதியானது, ஒன்றுவிடாமல் கொன்றிருந்தது. பூச்சி செத்ததற்காக நான் வருத்தப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பூச்சி வளர்க்கும் அம்மாளைக் கூப்பிட்டோம். முன்பு சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தவர், அதனால் இங்கேயும் டீச்சர்தான். வலைக்கூண்டுகளுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. ஒன்றுக்கு சாது, எந்த மருந்தையும் பார்க்காத சாதாரண ஈக்கள். இன்னொன்றுக்கு முரடு, வயலிலிருந்து பிடித்துவந்த, எதற்கும் கேட்காத ஈக்கள். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு செத்ததைப் பார்த்தார்.

"கூண்டு மாறிடுச்சா டீச்சர்? சாதுவை வெச்சிட்டீங்களா?" என்றான் டாக்டர், பாதி கெஞ்சலாக.

"பன்னெண்டு வருஷம் முப்பது பிள்ளைங்களை மாறாம வீட்டுக்கு அனுப்பினவ நான். இது முரடுதான்."

"முரடுக்கு மாசாமாசம் பழைய மருந்து கொஞ்சம் காட்டணுமே. காட்டினாத்தானே முரடு முரடாவே இருக்கும். காட்டறீங்க இல்ல?"

டீச்சர் போய் ஒரு நோட்டை எடுத்துவந்தார். வருகைப் பதிவேடு மாதிரியே கட்டம் போட்டு வைத்திருந்தார். முரடு என்ற வரிசையில், பதினான்கு மாதத்துக்கு, அழகான கையெழுத்தில் ஒரே வார்த்தை. லீவு. லீவு. லீவு.

"யாரு லீவு குடுத்தது?" கத்திவிட்டேன். கத்தும் உரிமை எனக்கு இருப்பதாகத்தான் நினைத்தேன்.

"நீங்கதான் சார்."

"நானா?"

"புகை வெளிய தள்ற ஃபேன் ரிப்பேர் ஆச்சு. கதவைச் சாத்திட்டு மருந்தடிச்சா எனக்குத் தலை சுத்துது, வாந்தி வருதுன்னு உங்க ரெண்டு பேர் முன்னாடியும் நின்னு சொன்னேன். புது ஃபேனெல்லாம் இப்ப வேணாம், செலவைக் குறைங்கன்னு நீங்க சொன்னீங்க. அப்ப முரடுக்கு மருந்து எப்படி அடிக்கறதுன்னு கேட்டேன். 'பாவம், அதுங்களுக்கும் கொஞ்ச நாள் லீவு குடுங்க டீச்சர்'னு சொல்லிச் சிரிச்சீங்க. இவரும் சிரிச்சார். சிரிச்சா சரின்னுதானே அர்த்தம்?"

ஞாபகம் வந்தது. நல்ல ஜோக் என்று அன்று கடைக்குத் திரும்பும் வழியிலும் எனக்கு நானே ஒருமுறை சிரித்துக்கொண்டேன்.

பதினான்கு மாதம் விஷமே பார்க்காமல், கத்தரி இலைச் சாற்றைக் குடித்துத் தலைமுறை தலைமுறையாகச் சோம்பேறியாகிவிட்டது முரடு. சாதுவுக்கும் அதற்கும் இப்போது கூண்டு மட்டும்தான் வித்தியாசம். எங்கள் மருந்து கொன்றதாகக் கொண்டாடியதெல்லாம் இந்தச் சோம்பேறிகளை. நிஜமான முரட்டைக் கொல்லுமா என்பது இனிமேல்தான் தெரியவேண்டும்.

டாக்டர் எழுந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, ஸ்டிக்கரை மாத்தினாப் போதும். தண்ணித் தொட்டில பழைய மருந்துன்னு ஒட்டிடலாம். உயிரோட பறக்குது, பாருங்க, கேக்கலன்னு சொல்லிடலாம். தண்ணிக்கு வேற செடி வெச்சுக்கலாம். கையெழுத்து ஆகட்டும், அப்புறம் நிதானமா சரி பண்ணிக்கலாம்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன். அவன் ஸ்டிக்கர் ஒட்டும்போது தொட்டி நகராமல் பிடித்துக்கொண்டது என் கைதான். ஐம்பத்திரண்டு படியும் கண்ணுக்குள் இருந்தது. டீச்சர் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றார்.

வந்தது ஒரு பெண் அதிகாரி. என் வயதுதான் இருக்கும். அவரும் எங்கேயோ படி ஏறிச் சலித்தவர் மாதிரி, வந்ததும் முதலில் நாற்காலி கேட்டார். தொட்டிகளைப் பார்த்தார், தட்டினார், எழுதிக்கொண்டார். பழைய மருந்து என்று ஒட்டியிருந்த செடியிலிருந்து மாவு மாதிரி பறந்தது. திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க கடை வெச்சிருக்கீங்களாமே. நாளைக்கு இந்தப் புது மருந்தை நீங்கதானே விக்கணும். கேக்கும்னு நம்பிக்கை இருக்கா?"

அந்த வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது. இரண்டு வருடம் கழித்து என் மேஜைமேல் காலி பாட்டில் வந்து உட்காருவது தெரிந்தது. புது ஸ்டிக்கர், புது கலர், பழைய முகம். அண்ணே, கேக்கல. நான் மறுபடி அளவைக் கூட்டச் சொல்வேன். யோக்கியன் என்பதால் இல்லை, அலுப்பு. இன்னொரு இருபத்திரண்டு வருடம் அதைக் கேட்க என்னிடம் தெம்பு இல்லை.

"அந்தத் தொட்டில அடிச்சது தண்ணிம்மா," என்றேன். "ஸ்டிக்கர் நாங்க மாத்தினது. டீச்சர், நோட்டைக் காட்டுங்க."

அதிகாரி நோட்டை முழுக்கப் படித்தார். லீவு என்ற வார்த்தைமேல் விரலை வைத்துக் கீழ்வரை இழுத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

"வயல்லேருந்து புதுசா பிடிச்சிட்டு வந்து, திரும்பப் பண்ணுங்க. வருஷம் ஆகும். அப்ப நான் இந்த வேலைல இருக்கேனா தெரியாது," என்று சொல்லி எழுந்தார். வாசலில் நின்று டீச்சரிடம் மட்டும், "ஃபேன் முதல்ல மாட்டச் சொல்லுங்க" என்றார்.

டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னான்.

வீடு கிடையாது என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. சாயங்காலம் மாடிப்படிக்குக் கீழே குனிந்து ஸ்டூலை இழுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் காலடி நின்றது. கையில் பையோடு மனைவி. ஸ்டூலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கைப்பிடியைப் பிடித்து ஏற ஆரம்பித்தாள். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறினேன். இருபத்தாறாவது படியில் போட்டேன். உட்கார்ந்தாள். நான் ஒரு படி கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜோக்கையும் சொன்னேன்.

முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்னைக்கு, இவ்வளவு படியான்னு கேட்டேன். என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. தினமும் ஏறினா டாக்டர் செலவு மிச்சம் என்று சொன்னேன். வீட்டுக்காரர்கூடச் சிரித்தார்.

"நானும்தான் சிரிச்சேன்," என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இன்னும் இருபத்தாறு படி இருந்தது.