ஏழாம் நம்பர் காது

ஒட்டுக்கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஒரு வெளிநாட்டுக் கைபேசி நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை எங்கள் அலுவலகத்தில் பதிவு செய்து வைப்பார்கள். நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எங்கள் ஆட்கள் எத்தனை இடத்தில் ‘ப்ளீஸ்’ சொன்னார்கள், எத்தனை ‘தேங்க்யூ’, வாடிக்கையாளர் குறை சொன்ன பத்து விநாடிக்குள் ‘ஸாரி’ வந்ததா என்று தாளில் குறிப்பேன். தாளின் அடியில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். நான் ஏழாம் நம்பர். இந்தப் பெருமையை வீட்டில் வேறு அளந்து வைத்திருந்தேன்.

அண்ணனுக்கு முதுகெலும்பு பிசகிப் படுத்த படுக்கையானதும் அண்ணி வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. நான்தான் எங்கள் அலுவலகத்திலேயே சேர்த்துவிட்டேன். மூன்று மாதம் பார்ப்பார்கள். கடைசியில் ஏதாவது ஒரு அழைப்பை எடுத்துக் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். தேறினால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அன்றிலிருந்து சமையலறை வாசலில் நின்று கதையளப்பது என் பழக்கம். “தள்ளு எருமை” என்று முழங்கையால் இடித்துக்கொண்டு போவது அவர் பழக்கம். பயிற்சியும் அந்த வாசலில்தான் நடந்தது.

“அண்ணி, வெளிநாட்டுக்காரங்களுக்கெல்லாம் கதவத் திறந்துவிட்டாலும் தேங்க்யூ, மூடினாலும் தேங்க்யூ. மூச்சு விடுற மாதிரி வரணும்.”

“தண்ணி குடுத்தா?”

“அதுக்கும்தான்.”

“நம்ம வீட்டுல தண்ணி குடுத்ததுக்கு நன்றி சொன்னா, என்ன கோவம்னுதான்பா கேப்பாங்க” என்று சிரித்தார். பிறகு குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்து நூறு முறை ‘ஸாரி’ சொல்லிப் பழகினார். உள்ளேயிருந்து அண்ணன், “என்கிட்ட ஒரு தடவயாவது சொல்லியிருக்கியா” என்று குரல் கொடுத்தார்.

மூன்று மாத முடிவில், அண்ணி பேசிய அழைப்பு மதிப்பெண் போட என்னிடமே வந்தது. வேறு யாரிடமாவது தள்ளிவிட்டிருக்கலாம். காலையில் தேநீர் குடிக்கும்போது பக்கத்து இருக்கைக்காரன், “உங்க வீட்டு ஃபைலாமே. அப்ப பாஸ்தான்” என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ரோஷம் வந்துவிட்டது.

அழைத்தவர் ஒரு பெண்மணி. கணவர் இறந்து இரண்டு வாரம் ஆகிறது, அவருடைய இணைப்பை நிறுத்த வேண்டும் என்றார். எண்ணைச் சொல்லத் தொடங்கி நாலாவது இலக்கத்தில் உடைந்து அழுதார். அந்த இடத்தில் ‘ஐ ஆம் ஸோ ஸாரி’ என்று சொல்லிவிட்டு, ‘நம்பர் ப்ளீஸ்’ என்று கேட்க வேண்டும். அண்ணி எதுவும் சொல்லவில்லை. அழுகை ஓயும்வரை காத்திருந்தார். நடுவில் ஒரே ஒரு தடவை, “ஐ ஆம் ஹியர்” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்மணி, இணைப்பை நிறுத்தினால், போனை எடுக்காதபோது ஒலிக்க அவர் பேசிப் பதிந்து வைத்த வரவேற்புக் குரலும் போய்விடுமா என்று கேட்டார். போய்விடும் என்ற அண்ணி, தன் ஓட்டை ஆங்கிலத்தில், முதலில் அதை வேறொரு போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நான் இருக்கிறேன் என்றார். பின்னணியில் ஒரு ஆண் குரல் ஒலித்து நின்றது. அந்தப் பெண்மணி மூன்று முறை ‘தேங்க்யூ’ சொன்னார். அழைத்தவர் சொல்லும் நன்றியைக் குறிக்க எங்கள் தாளில் கட்டம் கிடையாது.

எனக்குக் கண் கலங்கியது உண்மை. கலங்கிய கண்ணோடுதான் ப்ளீஸ் பூஜ்யம், ஸாரி பூஜ்யம், தேங்க்யூ பூஜ்யம் என்று போட்டேன். கீழே குறிப்பு எழுத நாலு வரி இடம் இருந்தது. நடந்ததை அதில் எழுதியிருந்தால் மேலாளர் ஒருமுறை கேட்டாவது பார்த்திருப்பார். நான் எழுதவில்லை. ‘அண்ணிக்காக எழுதிட்டான்’ என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே.

மறுநாள் மேலாளர் தோளில் தட்டி, “சொந்தம்னு பாக்கலையே நீங்க” என்றார். அரை நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். பூஜ்யம் போட்டதைவிட இதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் கூசுகிறது.

அன்று மதியமே மதிப்பெண் தாளைக் கையில் கொடுத்து அண்ணியை அனுப்பிவிட்டார்கள். நான் வீட்டுக்குப் போனபோது மாத்திரை டப்பாவுக்கு அடியில் அந்தத் தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மடிப்புக்கு வெளியே ஏழு என்ற எண் தெரிந்தது. அண்ணி அண்ணனுக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல வாசலில் நின்றேன்.

காலில் விழுந்திருக்கலாம், என்னை நானே திட்டியிருக்கலாம். சொல்ல எவ்வளவோ இருந்தும் வாயில் வந்தது அலுவலகத்துச் சொல்தான்.

“ஸாரி அண்ணி.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, நான் சொல்லிக்கொடுத்த அதே இதமான குரலில், “இட்ஸ் ஓகே. நீங்க உங்க வேலையத்தான் செஞ்சீங்க. தேங்க்யூ” என்றார்.

என்னை அவர் ‘நீங்க’ என்றது அதுதான் முதல் தடவை.

தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். நான் நகரவில்லை. அந்த முழங்கை இடிக்கும் என்று காத்திருந்தேன். அவர் ஒரு அடி தள்ளியே நின்றார்.

“ஸாரி. எக்ஸ்க்யூஸ் மீ, ப்ளீஸ்.”

என் தாளில் எந்தக் கட்டத்திலும் பூஜ்யம் விழுந்திருக்காது. நான் விலகி வழி விட்டேன்.