தாய்மாமன் எடுத்த வெங்காயக் கலர் பட்டு

"இந்தக் கலர்தான் என் மகளுக்கு எடுப்பா இருக்கும்னு நீங்கதான மேடம் சொன்னீங்க? இப்பப் பாருங்க!"

கொட்டாம்பட்டியிலிருந்து வந்திருந்த செல்லத்தாய், மகள் சரண்யாதேவியின் தோளில் பட்டுச் சேலையைப் போட்டுவிட்டு விலகி நின்றாள். நாகஜோதி பார்த்தாள். ரோஸ் சாயலில் வெங்காயக் கலர் பட்டு அழகாகத்தான் இருந்தது. பெண்தான் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் போலிருந்தாள்.

வக்கீல் ஆபீசில் மனு டைப் அடிக்கும் வேலையை விட்டுவிட்டு, தல்லாகுளத்தில் வீட்டு முன்னறையிலேயே நாகஜோதி தொடங்கிய தொழில் இது. கலர் அனாலிசிஸ். ஆளை ஜன்னலோரம் உட்கார வைத்து, கழுத்தை ஒட்டிப் பல நிறத் துணிகளை மாற்றி மாற்றிப் போட்டு, எதில் முகம் தெளிகிறது, எதில் வாடுகிறது என்று சொல்ல வேண்டும். ஆன்லைனில் ஒரு கொரியாக்காரம்மாவிடம் படித்தது. ரோஸ், நீலம் பக்கம் சாயும் நிறங்கள் 'கூல்'. மஞ்சள், செங்கல் பக்கம் சாயும் நிறங்கள் 'வார்ம்'. ஒவ்வொரு முகமும் ஏதாவது ஒரு பக்கம்தான். சாகும்வரை மாறாது என்பது பாடம்.

"வக்கீல் ஐயா உன் எடத்துக்கு இன்னும் ஆள் போடலையாம்" என்று கணவன் அழகுபாண்டி சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். சரண்யாதேவிதான் அவளிடம் வந்த முதல் கல்யாணப் பெண். இவள் மணமேடையில் ஜொலித்தால் பத்துப் பேர் தேடி வருவார்கள். வாடித் தெரிந்தால் நாகஜோதி மறுபடி மனு அடிக்கப் போக வேண்டியதுதான்.

"போன மாசம் பாத்தப்ப இவளுக்குக் கூல்தான் வந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள் நாகஜோதி.

"கூலோ சர்பத்தோ, எனக்குத் தெரியாது மேடம்." மூலையில் நின்ற பேயாண்டி முன்னால் வந்தான். செல்லத்தாயின் தம்பி, பெண்ணுக்குத் தாய்மாமன். முகூர்த்தப் பட்டு அவன் சீர். "நீங்க அனுப்புன கலர் போட்டோவக் காட்டித்தான் எடுத்தேன். நாளைக்கு ஊருக்குள்ள, 'அக்கா மகளுக்கு எடுத்த லட்சணத்தப் பாரு'ன்னு என்னையத்தான பேசுவாய்ங்க?"

"மாத்திட்டு வர முடியாதா அண்ணே?"

"எங்கிட்டு மாத்த? முந்தியில மஞ்சளத் தொட்டு வச்சு, சாமிக்குப் படைச்சாச்சு. கடைக்காரன் கையால தொடுவானா?"

நாகஜோதி பெண்ணை மறுபடி ஜன்னலோரம் உட்கார வைத்தாள். டியூப் லைட்டை அணைத்தாள். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துண்டைக் கட்டி, அதன்மேல் ஒவ்வொரு துணியாகப் போட்டாள். ரோஸ்: முகம் வாடியது. நீலம்: இன்னும் மோசம். கடுகு மஞ்சள்: விளக்கேற்றியதுபோல் முகம் மலர்ந்தது.

போன மாதம் நேர் எதிர். ஒரே பெண், ஒரே ஜன்னல், ஒரே துணிகள். துவைத்ததில் துணி சாயம் போய்விட்டதா? தன் கண்ணில்தான் கோளாறா? இல்லை, இந்தப் படிப்பே புரட்டா?

"முகத்துல ஏதும் போட்டிருக்கியாம்மா?"

"இல்லக்கா. மேக்கப் கூடாதுன்னீங்கள்ல? பவுடர்கூடப் போடல."

பெண் பொய் சொல்பவளாகத் தெரியவில்லை. நாகஜோதி சோர்ந்துபோய்த் துண்டை அவிழ்த்தாள். அதன் ஓரம், கழுத்து வியர்வை பட்ட இடமெல்லாம் மஞ்சளாக இருந்தது.

"இது என்னது?"

"மஞ்சத்தான்" என்றாள் செல்லத்தாய், இதைக்கூடவா கேட்பார்கள் என்பதுபோல. "இங்க வந்துட்டுப் போன மறுவாரம் தேதி குறிச்சோம்ல, அதுலருந்து தெனமும் பூசித்தான குளிக்கிறா."

"ஏங்க, அதச் சொல்ல வேண்டாமா?"

"எதச் சொல்ல? மேக்கப் போடாதன்னீங்க, போடல. மஞ்சள் மேக்கப்பா?"

இன்று வெள்ளிக்கிழமை. நாகஜோதியும் காலையில் பூசித்தான் குளித்திருந்தாள். கொரியாக்காரம்மா லிப்ஸ்டிக் பற்றிச் சொன்னார், தலைச்சாயம் பற்றிச் சொன்னார். மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனாலும் உயிர் வந்தது. "அப்ப நான் சொன்னது சரிதான்! மஞ்சள் போயிருச்சுன்னா இந்தப் பட்டு அருமையா இருக்கும்."

"நல்லாருக்கே கதை! கல்யாணத்தன்னைக்கு மஞ்சள் பூசாம மணையில உக்காரச் சொல்றீங்களா?"

வந்த உயிர் அப்படியே போய்விட்டது.

"அதுக்கு மேல பார்லர் பொண்ணு வேற வந்து அம்புட்டையும் அப்பும்" என்றான் பேயாண்டி. "சொந்த முகம், மஞ்சள் முகம், பார்லர் முகம். இதுல எந்த முகத்துக்கு மேடம் சேலை எடுக்க?"

கிண்டலாகத்தான் கேட்டான். ஆனால் கேள்வி நியாயமானது. நாகஜோதி துணிக் குவியலைக் கிளறினாள். பிறகு ஏதோ தோன்றி, அரக்குத் துணி ஒன்றை உருவிப் பெண்ணின் கழுத்தை ஒட்டிச் சுற்றினாள். அதற்குக் கீழே பட்டைப் பிடித்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. பட்டும் பழுதில்லை.

"முகத்த ஒட்டி நிக்கிறது ரவிக்கைதான். சேலை இருக்கட்டும். ரவிக்கைய அரக்குல தைப்போம்."

செல்லத்தாய் மகளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "இதாச்சும் நிச்சயமா?"

நிச்சயம் என்று சொல்ல வாயெடுத்தாள் நாகஜோதி. வரவில்லை. "மஞ்சள் முகத்துக்கு நிச்சயம். பார்லர் முகத்துக்கு எனக்கே தெரியாதுங்க."

செல்லத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படின்னா கல்யாணத்தன்னைக்கு விடிய வந்து, அந்தப் பொண்ணு பக்கத்துல நில்லுங்க. ஆகாததப் பூசுனா கையப் பிடிங்க. வர்ற சனம்லாம் யாருன்னு கேப்பாக, சொல்றேன்."

"ரவிக்கையும் என் சீர்தான்" என்றான் பேயாண்டி. "கடைக்கு நீங்களும் வாங்க மேடம். அரக்குன்னு நான் போய் நின்னா, அவன் இருபது அரக்க எடுத்துப் போடுவான்."

இருவரும் படியிறங்கிப் போனார்கள். சரண்யாதேவி மட்டும் தயங்கி நின்றாள்.

"அக்கா, நெசமா எனக்கு எந்தக் கலருக்கா?"

"மஞ்சளெல்லாம் போகட்டும். கல்யாணம் முடிஞ்சு வா, பாத்துச் சொல்றேன்."

"அப்புறம் எங்கக்கா போகும்? தாலிக்குத் தெனமும் பூசணும்ல?"

பெண் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டாள். நாகஜோதி கண்ணாடி முன்னால் நின்றாள். அவளும் கல்யாணமான நாளிலிருந்து பூசுகிறவள்தான். பாடம் படிக்கும்போது முதலில் தன்னைத்தான் சோதித்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லாமல் வார்ம். அந்த நம்பிக்கையில் அலமாரியிலிருந்த நீலச் சேலைகள் அத்தனையையும் தங்கை தமிழ்வாணிக்குத் தூக்கிக் கொடுத்திருந்தாள்.

கடைக்குக் கிளம்பச் செருப்பை மாட்டும்போதே போன் போட்டாள்.

"ஏடி, அந்த நீலச் சேலையெல்லாம் உடுத்திட்டியா?"