களைப்பில் சொன்ன சொல்

ஜீவிதா மோட்டாரை அணைத்துவிட்டு, மாமனார் சத்தம் போடுவதற்குள் வாசலுக்கு ஓடி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். தோப்பில் பாதித் தென்னைக்குத்தான் தண்ணீர் பாய்ந்திருந்தது. ஆனாலும் மாரப்பன் தலையாட்டிக்கொண்டு மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். இரவெல்லாம் விமானம் ஓட்டிவிட்டு வந்து அவள் கணவன் தங்கதுரை மாடியில் படுத்துவிட்டால் அந்த வீட்டில் மிக்ஸி ஓடாது, குக்கர் கூவாது. மீன்காரன்கூட ஹாரனை அமுக்காமல் போய்விடுவான். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பகல் தூக்கத்துக்கு இத்தனை மரியாதை வாங்கிக்கொடுத்த ஆள் வேறு யாரும் கிடையாது.

கணவாய்க் காற்று மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் ஓலைகளை ஒரே பக்கமாகச் சீவிக்கொண்டிருந்தது. வெயில் ஏறியும் வீடு விடியாததுபோல மயங்கிக் கிடந்தது. அவளுக்கு அந்த நேரம் பிடிக்கும். மேலே அவன் தூங்க, கீழே தான் காவல் இருப்பதில் ஒரு சுகம்.

அவனுடைய கைபேசி அவள் கையில் அதிர்ந்தது. ஜோஜோ. விமானிகள் சங்கத்தில் தங்கதுரை தலைவன், மலையாளியான ஜோஜோ செயலாளர்.

"சேச்சி, சாரை ஒண்ணு எழுப்பணும். சாயங்காலத்துக்குள்ள கம்பெனிக்குப் பதில் சொல்லியாகணும்."

"எந்திரிச்சதும் கூப்புடச் சொல்றனுங்க."

"கையெழுத்துப் போடலாமா வேண்டாமா, ஒத்த வார்த்தை போதும் சேச்சி."

அந்த ஒற்றை வார்த்தை அவளுக்குத் தெரியும். புதிய ஒப்பந்தத்தில் சம்பளம் கூடுகிறது, இரண்டு இரவுப் பயணங்களுக்கு நடுவே கிடைக்கும் ஓய்வு குறைகிறது. ஓய்வை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவன், காலையில் காபியைப் பாதி குடித்துவிட்டு, "கையெழுத்துப் போட்டுறலாம்னு இருக்கறன் ஜீவி. என்னால முடியல. அவ்வளவு களைப்பு" என்றான். அதை அவனே சொல்லட்டும் என்று அவள் ஜோஜோவிடம் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் காபியோடு அவள் மாடி ஏறியபோது அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தோளைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது.

மாரடைப்பு என்றார் டாக்டர். தூக்கத்திலேயே, படுத்த கொஞ்ச நேரத்திலேயே போயிருக்கும் என்றும், எழுப்பியிருந்தாலும் பயனில்லை என்றும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். பகல் முழுக்கத் தான் காவல் காத்தது எதை என்றுதான் திரும்பத் திரும்ப நினைத்தாள்.

மறுநாள் காலை பந்தலுக்கு அடியில் விமானிகள் வந்து உட்கார்ந்தார்கள். சீருடை இல்லாமல் பார்க்க ஏதோ பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். கம்பெனி ஒரே ஒரு நாள்தான் தவணை கொடுத்திருந்தது. பேச்சு முதலில் முணுமுணுப்பாகத்தான் தொடங்கியது.

"இனி யார் தலைவர்னாலும் இதுல கையெழுத்துப் போட்டே ஆகணும். பாதிப் பேர் மடுத்து, சலிச்சுப் போயிட்டாங்க" என்றார் ஜோஜோ.

"அப்போ சார் பட்ட பாடெல்லாம்?" என்றாள் ஜெஸ்னா. தங்கதுரையோடு அதிகம் பறந்த துணை விமானி அவள்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "சார் இருந்தா கழுத்துல கத்தி வச்சாலும் போட்டிருக்க மாட்டார். நான் எழுதித் தரேன்."

மகன் உடலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாரப்பன் அதைக் கேட்டு நிமிர்ந்தார். நேற்றிலிருந்து சரிந்து கிடந்த முதுகு நேராயிற்று. பக்கத்தில் இருந்தவரிடம், "எம்பையன் அப்படித்தானுங்க. வளைய மாட்டான்" என்றார்.

ஜெஸ்னா எழுந்து வந்து ஜீவிதாவின் கையைப் பிடித்தாள். "சேச்சி, நீங்களே சொல்லுங்க. சார் கடைசியா என்ன சொன்னார்?"

பந்தல் முழுக்க அவளைப் பார்த்தது. மாமனாரும் பார்த்தார். ஒரு பொய் போதும், போகிறவன் வளையாதவனாகவே போய்ச்சேருவான், கிழவருக்கு அந்த முதுகாவது மிஞ்சும். நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது. ஆனால் பாதிக் காபியோடு எதிரே உட்கார்ந்து என்னால் முடியல என்றவன்தான் அவளுடைய புருஷன். அவனை மறைத்துவிட்டு வேறு யாரையோ தூக்கி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

"போட்டுறலாம்னு சொன்னாருங்க" என்றாள். "முடியல, அவ்வளவு களைப்புன்னாருங்க."

ஜெஸ்னா கையை விட்டாள். மாரப்பன் தரையைப் பார்த்தார். ஜீவிதாவுக்கு அந்த முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. இனி ஜோஜோ பக்கம்தான் ஜெயம் என்று பந்தலில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஜோஜோ மட்டும் எழுந்து அவள் அருகே வந்தார்.

"களைப்புன்னு அவரே சொன்னாரா சேச்சி?"

"ஆமாங்க."

"களைப்புன்னு ஒருத்தன் சொல்லிட்டா பின்னே அவன் கையில விமானத்தைக் குடுக்க மாட்டோம். அடுத்தவன் ஏத்துக்கணும். அது எங்க நியமம். அந்தக் களைப்புல எடுத்த தீருமானத்தை மட்டும் எப்படி எடுத்துக்கறது? ஓய்வுக்காக நின்ன மனுஷன் ஓய்வில்லாமத்தான் இதைச் சொல்லியிருக்கார். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்போ பேச்சுவார்த்தைக்கு யார் போறது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"நான் போறேன்" என்றார் ஜோஜோ. ஜெஸ்னா உட்பட யாரும் மறுக்கவில்லை.

பாடை தயார் என்று குரல் வந்தது. பங்காளிகள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள். மாரப்பன் எழுந்தார். முதுகு பழையபடி வளைந்துதான் இருந்தது. நேராக ஜோஜோவிடம் போய் மணிக்கட்டைப் பிடித்தார்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க தம்பி. முன்னால நில்லுங்க."

"பெரியப்பா, பங்காளிங்க நாங்க இருக்கறப்ப..." என்று ஒருவன் இழுத்தான்.

"இவரு நிக்கட்டும்."

ஜோஜோ தோள் கொடுத்தார். மற்ற மூவரும் அவர் காதளவுதான். தூக்கியதும் பாடை ஒரு பக்கம் உயர்ந்து சாய்ந்தது. அவர் சட்டென்று முழங்காலை மடக்கிக் கொடுத்தார், பாடை நேராயிற்று. வாய்க்கால் கரையோடு, அப்படி மடக்கிய காலோடேயே அவர் நடந்து போவதை ஜீவிதா தென்னைகள் மறைக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.