வேதா சாரின் இடது கை

1

இந்தக் கதை என் மேலாளர் ஸ்ரீனிவாஸால் வந்த வினை. இங்கே தெலுங்கு ஊரில், மாதாப்பூர் அலுவலகத்தில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, தம் கல்லூரிக் கால்பந்து கோச் ஓய்வு பெறுகிறார், பாராட்டு விழா எடுக்கிறோம், மலர் போடுகிறோம் என்றார். "அவர் உங்க ஆள், தமிழ். நீ தமிழ்ல ரெண்டு பக்கம் எழுதிக் குடு." பந்து உருண்டு வந்தால் ஒதுங்கி வழிவிடும் ரகம் நான். ஆனால் சம்பள உயர்வு அவர் கையில் இருக்கும்போது எந்த வாய் மாட்டேன் என்று சொல்லும்?

விழா முடிந்துவிட்டது. மலர் இனிமேல்தான் அச்சுக்குப் போகிறது. விழா மலர்கள் எப்போதும் அப்படித்தானே.

2

முதல் தொடக்கம்: "போலாரத்தின் பனிக்காலையில் ஒரு விசில் ஒலிக்கிறது..." (அடித்துவிட்டேன். விசில் ஊதாத கோச்சை எந்தக் கதையில் பார்த்திருக்கிறீர்கள்?)

இரண்டாம் தொடக்கம்: "லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து, தம் வாழ்வையே கால்பந்துக்கு அர்ப்பணித்த வேதாசலம் அவர்கள்..." (இது இரங்கல் செய்தி. மனிதர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார்!)

மூன்றாவது, அவர் கை. அதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஆட்டம் தொடங்குமுன் பிள்ளைகள் வரிசையில் நின்று கடிகாரங்களைக் கழற்றி வேதா சாரிடம் கொடுப்பார்கள். அவர் அத்தனையையும் தம் இடது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கட்டிக்கொள்வார். ஆட்டம் முடிந்ததும் வியர்வையோடு வந்து அவரவருடையதை அவரவர் உருவிக்கொள்வார்கள். கோப்பையே ஜெயித்தாலும் இது முடிந்த பிறகுதான் கும்மாளம். சொந்தமாக ஒரு கடிகாரம் அவர் கட்டியதே கிடையாது.

3

ஒருவன் மட்டும் திரும்ப வாங்கவில்லை. முகமது யூசுப், ஆம்பூர்ப் பையன். ஹாஸ்டலுக்கு அனுப்பும்போது அவன் அப்பா தம் கையிலிருந்து கழற்றிக் கட்டிவிட்ட, சாவி கொடுக்கும் கடிகாரம் அது. தொண்ணூறுகளில் ஒரு பல்கலைக்கழக இறுதி ஆட்டம். கோல் விழாமல் இழுத்துக்கொண்டிருந்தபோது வேதா சார் அவனை வெளியே கூப்பிட்டு இன்னொருவனை இறக்கினார். யூசுப் பெஞ்சுக்கு வரவில்லை. ஜெர்ஸியோடு நேரே கேட்டைத் தாண்டிப் போனான். மறுநாள் ஹாஸ்டல் அறை காலி.

(இங்கே எனக்குச் சந்தேகம். வேதா சார் செய்தது சரியா? "அவன் நொண்டிட்டு இருந்தான், முட்டி போயிருக்கும்" என்கிறார் ஸ்ரீனிவாஸ். அவரும் அன்று ஆடியவர். சாரின் மனைவி அன்னக்கிளி அம்மாள் வேறு மாதிரி சொன்னார்: "காலைப் பாத்தாரும்மா. முகத்தைப் பாக்கலை.")

வேதா சார் ஆம்பூருக்கே போய்த் தேடினார். குடும்பம் வீடு மாறியிருந்தது. அதிலிருந்து தினமும் காலையில் பல் விளக்குமுன் அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். ஆட்ட நாளில் மணிக்கட்டில் முதலில் அதைக் கட்டுவார்.

"பெத்த புள்ளைக்குக்கூட இப்படி யாரும் காத்திருக்க மாட்டாங்க" என்று அன்னக்கிளி கிண்டலடிப்பார்.

"அவன் வந்து கேக்கும்போது ஓடுற கடிகாரமா குடுக்க வேணாமா?" என்பார் அவர்.

4

விழாவன்று அன்னக்கிளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் யார் யாரோ புகழ்ந்தார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். கணவர் அவர்களைப் பார்க்கவே இல்லை. மைதானத்துக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயோ, இந்த மனுஷனை இப்படி ஏங்க வைத்துவிட்டானே என்று அன்னக்கிளிக்கு யூசுப்மேல் கோபம் கோபமாக வந்தது.

பிறகு பழைய மாணவர்கள் ஓர் ஆட்டம் ஆட இறங்கினார்கள். தொப்பையும் வழுக்கையுமாக. பழக்கதோஷம், யாரும் சொல்லாமலே வரிசையில் நின்று கடிகாரங்களை நீட்டினார்கள். மடியில் பொன்னாடையோடு உட்கார்ந்தபடி வேதா சார், மணிக்கட்டில் இருந்த யூசுப்பின் கடிகாரத்துக்கு மேலே கை நிறையக் கட்டிக்கொண்டார். ஆட்டம் முடிந்து எல்லோரும் மூச்சு வாங்கச் சூழ்ந்துகொண்டு உருவினார்கள். ஒரே தள்ளுமுள்ளு. கடைசியில் ஸ்ரீனிவாஸ் ஒரு தங்க முலாம் கடிகாரத்தைப் பரிசாகக் கட்ட வந்தார்.

"நக்கோப்பா. இந்தக் கை என்னுது இல்ல" என்று மறுத்த வேதா சார், அப்போதுதான் குனிந்து பார்த்தார். மணிக்கட்டு காலி.

"யூசுப் வந்துட்டான்!"

"சார், யாராவது தவறி எடுத்திருப்பாங்க..." என்று இழுத்தார் ஸ்ரீனிவாஸ்.

"அதெப்படிடா தவறும்? கூட்டத்தோட கூட்டமா வந்து அவனுதை அவன் எடுத்துட்டான். என்கிட்ட பேச வெக்கம், போயிட்டான். வந்தான்ல? அது போதும்."

சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது அவருக்கு.

5

வீட்டுக்கு வந்து இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினார். அன்னக்கிளி பொன்னாடையை மடிக்க ஓர் உதறு உதறினார். ணங்கென்று தரையில் விழுந்தது கடிகாரம். வாரின் ஊசி கழன்றிருந்தது. முள் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடி அரிசி டிரம்முக்குள் புதைத்தார்.

"சொன்னா திரும்பவும் கேட்டைப் பாத்துட்டு உக்காந்துடுவாரு. சொல்லலைன்னா எனக்குச் சோறு இறங்கலை" என்று, மலருக்காக விவரம் கேட்கப் போன என்னிடம் அழுதார்.

6

முடிவு அ: மழை. கதவு தட்டப்படுகிறது. யூசுப்... (வேண்டாம். எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

முடிவு ஆ: "ஏங்க, யூசுப் வரலை. இது உங்க பொன்னாடைக்குள்ளதான்" (இதற்குமேல் எழுத எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு இ: சாவி கொடுக்காமல் விட்டால் கடிகாரம் தானாக நின்றுவிடும். கதையும் நின்றுவிடும். இதை அன்னக்கிளி அம்மாளிடம் சொன்னேன். முறைத்தார். தினமும் காலையில் சார் பால் வாங்கப் போனதும் அரிசியைத் துழாவி எடுத்துத் தாமே சாவி கொடுக்கிறாராம். "இத்தனை வருஷம் கிண்டல் பண்ணேன். இப்ப என் கை சும்மா இருக்க மாட்டேங்குதே."

7

இதையெல்லாம் மலரில் போட்டால் சாருக்குத் தெரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. வேதா சாருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. இங்கிலீஷ் மீடியம், செகண்ட் லாங்குவேஜ் தெலுங்கு. தமிழர் என்றதும் தமிழில் இரண்டு பக்கம் ஒதுக்கிய விழாக்குழு இதை அவரிடம் கேட்கவே இல்லை.

"என்னைத்தான் வாசிக்கச் சொல்வாரு. நான் வேற கதை வாசிச்சுக்கறேன். நீ எழுதும்மா" என்றார் அன்னக்கிளி. ஆகவே புண்ணியமாகப் போகும், வேறு யாரும் அவருக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.

ஆனால் யூசுப் ஆம்பூரில் தமிழ் படித்தவர்.

யூசுப் பாய், இந்த மலர் எப்படியாவது உங்கள் கைக்கு வந்தால், முடிவை நீங்கள்தான் எழுத வேண்டும். என்னால் ஆகவில்லை. போலாரம் பஜாரில் இறங்கி வேதா சார் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். காலையில், அவர் பால் வாங்கப் போகும் நேரமாகப் பார்த்து வாருங்கள். அன்னக்கிளி அம்மாள் டிரம்மைத் திறந்து தருவார். ஒட்டியிருக்கும் அரிசியைத் தட்டிவிட்டுக் கட்டிக்கொண்டு, சார் திரும்பி வரும்வரை வாசலில் நில்லுங்கள். வார் மாற்றியாயிற்று. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.