ஒன்பது சபை விடுமுறை

ஆறாவது சபையில்தான் என் கணவர் அதைச் சொன்னார். திரையில் எங்கள் தீவின் படகுத்துறைப் படம். இவர் கையில் மைக். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரே பேச்சை ஐந்து சபைகளில் கேட்டாகிவிட்டது, எந்த இடத்தில் சிரிப்பார், எங்கே தொண்டை கம்மும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அன்று என்ன தோன்றியதோ, புதிதாக ஒன்றைச் சேர்த்தார்.

"உண்மையைச் சொல்றேன். என் மனைவிக்கு அந்தத் தீவுன்னா உயிர். அவங்களுக்காகத்தான் பன்னிரண்டு வருஷமா அங்க இருக்கேன். என் இஷ்டத்துக்கு விட்டிருந்தா முதல் மழைக்கே படகு ஏறியிருப்பேன்."

சபை கைதட்டியது. பக்கத்திலிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட வேறு செய்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உயிரா? எனக்கா? நான் இவருக்காக அல்லவா அங்கே கிடக்கிறேன்!

விடுமுறை என்பது பேருக்குத்தான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊழியச் சங்கம் எங்களை ஒரு மாதம் ஊருக்கு அனுப்பும். அந்த ஒரு மாதத்தில் ஒன்பது சபைகளுக்குப் போய், படம் காட்டி, தீவு ஊழியத்தைப் பற்றிப் பேச வேண்டும். தங்குவது நாத்தனார் வீட்டு மாடியறையில். தீவில் இவருக்குப் பள்ளிக்கூடமும் பிரசங்கமும், எனக்கு இரண்டு கட்டில் போட்ட மருந்தகம். இந்த முறை கையில் ஒரு படிவமும் கொடுத்திருந்தார்கள். இன்னும் ஐந்து வருடம் தீவா, அல்லது இங்கேயே தலைமை அலுவலகமா? இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒன்பதாவது சபையில் சங்கச் செயலாளரிடம் கொடுக்க வேண்டும். அது பெட்டியில் வெறுமையாகவே கிடந்தது. இவர் போடட்டும் என்று நான் இருந்தேன்.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நேருக்கு நேர் சொல்ல முடியாததைக் காலை ஜெபத்தில் சொல்லிவிடுவோம். கல்யாணமான புதிதில் ஒரு சண்டைக்குப் பிறகு ஆரம்பித்தது. "ஆண்டவரே, உமது ஊழியக்காரர் ஈரத்துண்டைக் கட்டிலில் போடாதபடி கிருபை தாரும்" என்பேன். மறுநாள் துண்டு கொடியில் தொங்கும். ஆண்டவர் பாவம், எங்கள் வீட்டுத் தபால்காரராகவே ஆகிப்போனார். துண்டு விஷயத்துக்கெல்லாம் இது நன்றாகத்தான் வேலை செய்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏங்க, எனக்குத் தீவுன்னா உயிர்னு யாரு சொன்னது?"

"நீதான். எங்களை அங்கேயே வச்சிரும்னு ஜெபத்துல தினமும் கேக்குறியே."

"அது உங்களுக்காகக் கேட்டது."

"எனக்காகவா? நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"சத்தமா ஆமென் போடுவீங்களே!"

"நீ அவ்வளவு உருகிக் கேக்குறப்ப வேற எப்படிப் போடுறது?"

அதோடு சரி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று அப்போதே கேட்டிருக்கலாம். பயம். இவருக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம் என்றால் பன்னிரண்டு வருடம் யாருக்காக இருந்தோம்? அப்படியே தீவு வேண்டாம் என்று சொல்லிவிடவும் எனக்குத் துணிவில்லை. நாத்தனார் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது, சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் கண் விழித்ததுமே தீவில் ஒரு படகுக்காரரின் கால் புண்ணுக்கு யார் கட்டு மாற்றுகிறார்களோ என்றுதான் நினைப்பு ஓடுகிறது. பிடிக்காத இடத்தில் ஒருத்தி இத்தனை வருடம் இருக்க முடியுமா? இருந்திருக்கிறேனே! அப்படியென்றால் பிடித்துத்தான் இருந்ததோ?

அதன்பிறகு காலை ஜெபங்களில் இவர் மழைக்காக வேண்டினார், ஆள்வோருக்காக வேண்டினார், நாத்தனாரின் மூட்டுவலிக்காகக்கூட வேண்டினார். எங்களைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. நானும்தான்.

ஒன்பதாவது சபைக்குப் படிவத்தை என் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே செயலாளர் பிடித்துக்கொண்டார். "என்னம்மா, போட்டாச்சா?" என்றார். "கூட்டம் முடிஞ்சதும் தர்றேன் ஐயா" என்று சமாளித்தேன்.

இவர் பேசி முடித்தார். அந்த 'உயிர்' வாக்கியத்தை இங்கே விட்டுவிட்டார். செயலாளர் மைக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "அம்மா, நீங்க ஜெபிச்சு முடிங்க. எல்லாரும் கண்ணை மூடிக்கலாம்."

"ஆண்டவரே" என்று ஆரம்பித்தேன். எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. பிறகு என் குரல் எனக்கே கேட்டது.

"ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் புரியல. இவருக்கு அங்க போகணுமா வேண்டாமான்னு நான் ஒருநாளும் இவர்கிட்டக் கேட்டதில்ல. இவரும் என்கிட்டக் கேட்டதில்ல. எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லிட்டோம்."

பழக்க தோஷத்தில் பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் ஆமென் என்றார்கள். கூட்டம் கண்ணைத் திறக்காமல் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தது. நான் மைக்கை இறக்கிவிட்டு, கண்ணைத் திறந்து, "உங்களுக்கு என்னங்க வேணும்?" என்று கேட்டேன்.

இவர் திரைக்கு முன்னால் நின்றிருந்தார். புரொஜெக்டரை யாரும் அணைக்கவில்லை. வெள்ளைச் சட்டையில் எங்கள் படகுத்துறை கோணலாக விழுந்திருந்தது. அத்தனை பேர் கண் மூடியிருந்த அந்த மண்டபத்தில், இவர் மட்டும் கண்களை அகலத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.