துவைக்கிற அக்கா

சலவை இயந்திரத்தின் மேல் மேசை விரிப்பைப் போட்டு மூடி, அதன் மேல் ஒரு பூச்சாடியையும் வைத்துவிட்டு, எதிர்ச் சுவரோரம் போய் நின்று பார்த்தார் மிஷனரி. மேசை மாதிரி இல்லை. சலவை இயந்திரத்துக்குக் கல்யாணம் நிச்சயமான மாதிரி இருந்தது.

“மேல வேதாகமத்தை வச்சா சரியா இருக்குமா?” என்று மனைவியைக் கேட்டார்.

“அதையும் இதுல கூட்டு சேர்க்காதீங்க,” என்றாள் அவள், தரையைத் துடைத்துக்கொண்டே.

அவள் ஜவுளிக்கடைக்காரர் மகள். கிழிசல் உள்பக்கம் போகும்படி துணியை மடிப்பது எப்படி என்று பாவாடை கட்டிய வயதிலேயே பார்த்தவள். ஆனால் அவள் அப்பா அதை வியாபாரம் என்றுதான் சொல்லுவார். ஊழியம் என்று சொன்னதில்லை.

பத்து வயது மகள் பூச்சாடியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். “இது பொய் இல்லையாப்பா?”

“பொய் சொன்னாத்தாம்மா பொய். நாம மூடித்தானே வச்சிருக்கோம்.”

தலையணைக்கு அடியில் மிட்டாயை மூடி வைத்ததற்காக மகள் இதே வாயிலிருந்து நீளமான பிரசங்கம் ஒன்று கேட்டிருந்தாள். அதை நினைத்துக்கொண்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

இவர்களை இந்த நாட்டுக்கு அனுப்பிய மிஷனரி சங்கத்தின் செயலாளர் இன்று ஊரிலிருந்து மனைவியோடு வருகிறார். சபை சபையாகப் போய்ப் பேசி, இந்தக் குடும்பத்தை மாதாமாதம் தாங்குகிறவர்களைச் சேர்த்து வைத்திருப்பவர் அவர்தான். அவர் பேச்சுக்குத் துணையாக இருந்ததோ ஒரே ஒரு புகைப்படம். இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், பின்வாசல் குழாயடியில் மனைவி குந்திப் போர்வை பிழிந்துகொண்டிருந்ததைக் கணவர் விளையாட்டாகப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பக்கத்தில் மகள், கையில் சோப்புக் கட்டியோடு, நடக்கப் பழகிய குழந்தையாக. செயலாளர் அதை, சபைகளில் வீட்டுக்கு வீடு கொடுக்கும் ஜெப அட்டையில் அச்சடித்துவிட்டார். அன்று முதல் ஊரில் எத்தனையோ வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுகளில் அவள் குந்திய குந்தாகவே இருக்கிறாள். விடுமுறைக்குப் போனால் சபை வாசலில் பெண்கள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். “நீங்கதானே அந்தத் துவைக்கிற அக்கா?” இந்த ஊர்ப் பாஷையை அவள் கணவரைவிட நன்றாகப் பேசுவதோ, பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பதோ யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் அதை அட்டையில் போட முடியாது.

அந்த ஃப்ரிட்ஜ் இருக்கும் வீடுகளில் துணி துவைப்பது என்னவோ இயந்திரம்தான். அங்கே இருந்தால் அது சாமான். மிஷனரி வீட்டில் இருந்தால் சொகுசு.

இந்தத் தெருவிலோ கணக்கு தலைகீழ். இங்கே தெருக் கூட்டுகிறவர் வீட்டில்கூட இயந்திரம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரி பேருந்து ஓட்டுபவள். வெகுநாள் மதிலுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒருநாள் தயங்கித் தயங்கி, என்ன தப்புக்காக உன் புருஷன் இப்படித் தண்டிக்கிறான் என்று கேட்டேவிட்டாள். பெண்டாட்டியைக் குளிரில் குந்தவைத்துவிட்டு அன்பைப் பற்றிப் பேச வந்துவிட்டான் என்று தெருவே பேசுவதாகவும் சொன்னாள். வாராந்தரக் கூட்டத்தில் நாற்காலிகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன என்று அப்போதுதான் விளங்கியது. அங்கே ஆள் சேர்த்த அதே குந்தல்தான் இங்கே ஆளைத் துரத்தியது. வீட்டில் சொன்னதற்குக் கணவர் “ம்” என்றார். நாளைக்கு வா என்று கடன்காரனுக்குச் சொல்லும் “ம்” அது.

பிறகு அவள் மணிக்கட்டு வீங்கியது. இனிமேல் எதையும் பிழியக்கூடாது, பிழிந்தால் கத்தி வைக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். பேருந்துக்காரி தன் வீட்டுக்குப் புதிது வாங்கியபோது பழையதைத் தள்ளிக்கொண்டே வந்து சமையலறையில் நிறுத்திவிட்டுப் போனாள். தின்றதும் உறுமி, உறுமியதும் குலுங்கி, குலுங்கியதும் அடங்கிவிடும் அந்தப் பெட்டிக்கு மகள் வைத்த பெயர் ‘பெரியப்பா.’ ஊரில் இருக்கும் நிஜப் பெரியப்பாவும் சாப்பாட்டுக்குப் பின் அப்படித்தான். அன்றிலிருந்துதான் மனைவி இரவில் கை குடையாமல் தூங்குகிறாள்.

“ஐயா பார்த்துட்டு முகம் சுளிச்சார்னா இதைத் திருப்பிக் குடுத்துடலாம்மா,” என்று கணவர் நேற்றே சொல்லி வைத்திருந்தார். “சபைங்க தாங்குறதை நிறுத்திட்டா நாம மூட்டை கட்ட வேண்டியதுதான்.” அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. விருந்தாளிக்கு வீடு துடைக்கவே சரியாக இருந்தது.

செயலாளர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. இவர்களுக்காகச் சொந்தச் செலவில் பஸ் ஏறி இறங்கித் தேய்ந்தவர். சாப்பிட்டார், ஜெபித்தார், ஏப்பம் விட்டார். அவர் மனைவி அதிகம் பேசாதவர். டீ டம்ளரைப் பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்தார். தகர ஓசை கேட்டது. விரிப்பின் மேல் கையை ஓட்டி, மூடியின் விளிம்பைத் தடவினார். பிறகு ஒன்றும் தெரியாதவர்போல டீயைக் குடித்தார். ஜவுளிக்கடை மகள் அதைக் கவனித்தாள். சரக்கைத் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளும் விரல்கள் அவை.

செயலாளர் விஷயத்துக்கு வந்தார். பாப்பா வளர்ந்துவிட்டாள், பழைய படம் இனிமேல் எடுபடாது. அதே குழாய், அதே தொட்டி, புதிதாக ஒன்று எடுத்துவிடலாம். வெளிச்சம் இருக்கும்போதே எடுத்தால் நல்லது. கணவர் மனைவியைப் பார்க்காமல் தொட்டியைத் தேடப் போனார்.

ஊறிய போர்வையோடு அவள் குழாயடியில் குந்தினாள். செயலாளர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

“நல்லா முறுக்கிப் பிழிங்கம்மா. சிரிக்க வேணாம். சந்தோஷமா இருந்தாப் போதும்.”

பிழிந்தாள். மணிக்கட்டில் கிளம்பிய வலி முழங்கைக்கு மேலே ஏறியது. போர்வை நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் வேலை முடிந்து வந்த பேருந்துக்காரி, சீருடையைக்கூட மாற்றாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தான் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்த பொருள் என்ன ஆயிற்று என்ற கேள்வி அவள் புருவத்தில் இருந்தது. பிறகு தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அதற்கு மேல் குழாயடியில் குந்தியிருந்தவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்புதான் வந்தது. பேரம் இழுத்துக்கொண்டே போனால் அவள் அப்பா துணி அளக்கும் முழக்கோலைக் கீழே வைத்துவிடுவார். அப்புறம்தான் வாங்க வந்தவர் நியாயம் பேசுவார். அவள் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“ஐயா, உங்களுக்குப் படம் வேணும். எனக்குக் கை முடியல. இவரு துவைக்கட்டும்.”

செயலாளர் விழித்தார். “தம்பியா?”

“ஏன், தம்பிக்குக் கை இல்லையா?” என்றார் வாசற்படியில் நின்ற செயலாளரின் மனைவி.

மிஷனரி கால்சட்டையை மடித்துவிட்டுக் குந்தினார். நனைந்த போர்வை இத்தனை கனக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பாதியைத் தூக்கினால் மீதி சேற்றில் போனது. மறுபடியும் அலசினார். செயலாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“என்ன தாழ்மை பாரு! இதைக் காட்டினா சபைங்க உருகிடும்.”

அவள் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் அவள் செய்தது வீட்டு வேலை. அவர் ஒரு போர்வை அலசினால் தாழ்மை. இந்த விலை வித்தியாசத்தை அவள் அப்பாகூட வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்லக் கூசுவார்.

வெளிச்சம் போதவில்லை என்று இன்னொரு தரம் பிழியச் சொன்னார் செயலாளர். முகம் மறைந்துவிட்டது என்று மறுபடியும். அதற்கும் அடுத்த தரம் மிஷனரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சிவந்துபோன தன் விரல்களைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். முகத்தை அல்ல, மணிக்கட்டை.

தொட்டியோடு விறுவிறுவென்று சமையலறைக்குள் போனார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். பூச்சாடியை எடுத்து மகள் கையில் கொடுத்தார். விரிப்பை உருவினார். மூடியைத் திறந்து போர்வையைத் திணித்தார்.

“பக்கத்து வீட்டு அக்கா குடுத்தது ஐயா,” என்றார். “இவளுக்குக் கை போயிடுச்சு. இது இங்கதான் இருக்கும். சபைங்ககிட்ட சொல்லணும்னா சொல்லிடுங்க.”

செயலாளர் இயந்திரத்தைப் பார்த்தார், விரிப்பைப் பார்த்தார், மனைவி டீ டம்ளரை வைத்தது எதன் மேல் என்று பார்த்தார். கமிட்டியில் கேள்வி வரும் என்றார். ஓரிரண்டு சபைகள் கை விரித்தாலும் விரிக்கும் என்றார். பொய்யில்லை, அது நடக்கக் கூடியதுதான்.

“நம்ம வீட்டுல இதைவிடப் பெரிசு நிக்குது,” என்றார் அவர் மனைவி. “அதுக்கு எந்தக் கமிட்டி கேட்டுச்சு?” சொல்லிவிட்டுப் பயணப் பையைத் திறந்து, கணவரின் அழுக்குச் சட்டைகளைச் சுருட்டி எடுத்து வந்தார். “ஏம்மா, இடம் இருந்தா இதையும் போட்டுக்கோ. வழியெல்லாம் வேர்வை.”

சட்டைகள் உள்ளே போயின. செயலாளர் தடுக்கவில்லை.

“பெரியப்பா எழுந்துட்டாரு,” என்றாள் மகள்.

இயந்திரம் உறுமியது. ஜவுளிக்கடைக்காரர் மகள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஜெயித்த மாதிரி இல்லை. கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. கமிட்டியைப் பற்றி நாளைக்குக் கவலைப்படலாம்.

செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, செல்போனை அவளிடம் நீட்டினார். எடுத்த படங்களில் எது அட்டைக்குத் தோதாக இருக்கும் என்று கேட்டார். தன் சட்டைகளே உள்ளே சுழன்றுகொண்டிருந்ததால் குரல் இறங்கியே வந்தது.

அவள் சரக்கு பார்க்கிற கண்ணோடு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். கடைசிப் படத்தில் நிறுத்தினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சேறு தெறித்த முகத்தோடு, கணவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதைப் போடுங்க ஐயா,” என்றாள். “இதுலதான் நிஜமாவே களைச்சிருக்காரு.”