நான்காவது வைரம்

என் நோட்டில் மொத்தம் முப்பத்தெட்டுப் படிகள் இருக்கின்றன. முதல் படி: கயிற்றைச் சரிபாதியாக மடித்து, மடிப்பைப் பின்னங்கழுத்தில் வைக்கவும். கடைசிப் படி: மிஞ்சும் ஒரு சாண் நுனியை இடுப்பில் இடப்பக்கம் செருகவும். நேற்று மாலை வரைக்கும் என்னைவிட இந்த நோட்டைத்தான் அதிகம் நம்பினேன். என்னை நான் நம்புவது எப்போதும் கொஞ்சம்தான் என்பதால், அது ஒன்றும் பெரிய மரியாதையில்லை.

நேற்று நடந்ததில் முடிவைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. ஆனாலும் வரிசையாகவே எழுதுகிறேன்.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் எள்ளளவு ஸ்க்ரூக்களைத் திருகுவது என் வேலை. செவ்வாயும் வியாழனும் மாலையில் ஜப்பானிய முறைக் கயிற்றுக் கலை வகுப்பு. உடுப்புக்கு மேலே, நெஞ்சையும் முதுகையும் சுற்றி, சணல் கயிற்றால் வடிவங்கள் கட்டுவோம். கற்றுத்தரும் டீச்சர் என்னைவிட இரண்டு வயது சின்னவர். பகலில் நாடக அரங்குகளில் விளக்குகளைத் தொங்கவிடுகிறவர். முதல் நாளே மூன்று விதி சொன்னார். கட்டிக்கொள்பவர் போதும் என்றால் அந்த நொடியே போதும். கழுத்துக்கு முன்னால் கயிறு வரவே கூடாது. மேசையில் மழுங்கின முனைக் கத்தரிக்கோல் இல்லாமல் யாரும் கயிற்றைத் தொடக் கூடாது. நான்காவதாக ஒரு சோதனையும் உண்டு. கட்டி முடித்ததும் கயிற்றுக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும்.

இதற்கு முன் மண்பாண்ட வகுப்புக்குப் போனேன். தட்டச்சுக்கும் நீச்சலுக்கும் போனேன். எல்லாவற்றிலும் கடைசி நாள் நெருங்கும்போது ஏதாவது சாக்குச் சொல்லி நின்றுவிடுவேன். அதனால் அண்ணன் எனக்கு வைத்திருக்கும் பெயர் முக்கால். அண்ணியும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்.

மாலை வகுப்பு நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு எல்லா வகுப்பும் ஏதாவது செய்தாக வேண்டும். மாடியில் நடக்கும் பாட்டு வகுப்பில் அண்ணி இருக்கிறார். படகுப் பாட்டு ஒன்றைத் தனியாகப் பாட அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கறுப்பு அங்கியின் மேல் சிவப்புக் கயிறு கட்டினால் எடுப்பாக இருக்கும் என்று பாட்டு மாஸ்டருக்குத் தோன்ற, டீச்சர் யோசிக்காமல் என்னைக் கை காட்டிவிட்டார்.

“ஏன் நான்?” என்றேன்.

“உங்க முடிச்சு எல்லாம் ஒரே அளவுல இருக்கு. ஏன், ஓடப் போறீங்களா?”

ஓடத்தான் நினைத்தேன். ஆனால் அண்ணியிடம் அதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள்.

என் வடிவத்தில் மேலிருந்து கீழாக நான்கு வைரங்கள், சீட்டுக்கட்டின் டைமன் போல. கழுத்தின் இருபுறமும் இரண்டு இழைகள் முன்னால் இறங்கும். நெஞ்செலும்பில் ஒரு முடிச்சு, ஐந்து விரல் விட்டு அடுத்தது, இப்படி வயிற்றுக்குக் கீழ் வரை ஐந்து முடிச்சு. பிறகு நுனிகள் இடுப்பைச் சுற்றி முதுகில் ஏறி, கழுத்து மடிப்பில் நுழைந்து, பக்கவாட்டில் முன்னால் வரும். முடிச்சுகளுக்கு நடுவே இருக்கும் இழைகளில் நுனியைக் கொக்கிபோல் மாட்டி இருபுறமும் இழுக்கும்போது, நேர்க்கோடாக இருந்தது அகன்று வைரமாகத் திறக்கும். அது திறக்கிற அந்த நொடிக்காகத்தான் நான் இந்த வகுப்பை விடாமல் போனேன். நூறு முறை பார்த்தாலும் அலுக்காது.

பக்கத்துத் துணிக்கடையில் கழித்துவிட்ட தலையில்லாத பொம்மை ஒன்றை வாங்கிவந்து, கூடத்தில் நிறுத்திப் பழகினேன். மூன்று வாரத்தில் நாற்பத்தோரு முறை. எல்லா முறையும் நேரம் குறித்திருக்கிறேன்.

“இவரு நல்லவரு தங்கச்சி,” என்பார் அண்ணன், பொம்மையின் தோளில் தன் துண்டைப் போட்டுக்கொண்டே. “எவ்வளவு இழுத்தாலும் ஒரு வார்த்தை பேசறதில்ல. இந்த வீட்டுலயே எனக்கப்புறம் பொறுமைசாலி.”

“தலை இல்லைங்கறதுல ரெண்டு பேரும் ஒண்ணுதான்,” என்றார் அண்ணி சமையலறையிலிருந்து.

வியாழக்கிழமை அண்ணிக்கே கட்டிப் பார்த்தேன். தையற்கடையில் அளவு கொடுப்பதுபோல விறைப்பாக நின்றார். இரண்டு விரல் போனது. நான்கு வைரமும் கத்தி முனைபோல் கூர்மை. கண்ணாடியில் பார்த்துவிட்டு, “ஏய் முக்கால், இது நெஜமாவே நீ கட்டினதா?” என்றார். அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை, சந்தோஷத்தில்.

அவருக்கும் இது சாதாரண மேடை இல்லை. குழந்தை பிறந்த பிறகு இரண்டு வருடமாகக் குரல் எழும்பவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர். குளியலறையில் மட்டும் பாடுவார், அதுவும் குழாயைத் திறந்துவிட்டு. படகுப் பாட்டின் முடிவில் ஒரு உச்சம் வரும். அதைத் தொட்டுவிட்டால் போதும், அப்புறம் மேடையே வேண்டாம் என்றார்.

நேற்று. நிலையத்தின் பின்கட்டில், நாற்காலிகள் அடுக்கிய சின்ன அறை. ஐந்தரைக்குக் கட்ட ஆரம்பித்தேன். என் வகுப்புத் தோழர் பல் டாக்டர் நோட்டைப் பிடித்துக்கொண்டு, மருந்துச் சீட்டு வாசிக்கும் குரலில் ஒவ்வொரு படியாகப் படித்தார். பதினோரு நிமிடம் இருபது விநாடி. பொம்மையில் செய்ததைவிட வேகம். டீச்சர் வந்து சுற்றிப் பார்த்து, விரல் விட்டுப் பார்த்து, தலையாட்டினார். எனக்குத் தரையே தெரியவில்லை.

ஆறு மணிக்கு அரங்கில் நடனம் தொடங்கியது. பாட்டு மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

“அந்தக் கடைசி வரியை மட்டும் ஒரு தடவை பாடிக் காட்டும்மா.”

அண்ணி மூச்சை இழுத்தார். பாதி இழுக்கும்போதே முகம் மாறியது. உச்சிக்குப் போன குரல் நடுவில் நூலாக இளைத்து, அறுந்தது.

“இன்னொரு தடவை,” என்றார் மாஸ்டர்.

இன்னொரு தடவையும் அறுந்தது.

“கட்டு வலிக்குதா?” என்றார் டீச்சர், கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டே.

“வலியெல்லாம் இல்ல. மூச்சு ஒரு எடத்துக்கு மேல போகமாட்டேங்குது. சுவத்துல இடிக்கிற மாதிரி.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொம்மை மூச்சு விடாது. நாற்பத்தோரு முறை கட்டியதும் மூச்சு விடாத உடம்பில். அண்ணியோ, யாராவது சுற்றளவு எடுக்க வந்தால் எல்லோரும் செய்வதைத்தான் செய்திருக்கிறார். வயிற்றை எக்கி, மூச்சை அடக்கி நின்றிருக்கிறார், வியாழனன்றும் நேற்றும். எக்கிய வயிற்றில் இரண்டு விரல் என்ன, கையே போகும்.

“அண்ணி, நான் கட்டும்போது வயித்தை எக்கிட்டா நின்னீங்க?”

“பின்னே? தொப்பை தெரியணுமா?”

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “கயிறு அழகாத்தான் இருக்கு. ஆனா எனக்குப் பாட்டுதான் முக்கியம். அவுத்துருங்க. வெறும் அங்கியோட பாடட்டும்.”

அவர் சொன்னது நியாயம். மூன்று வகுப்பிலும் இதே மாதிரி இடத்தில்தான் நான் நழுவியிருக்கிறேன். சரி என்று சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

“எத்தனை நிமிஷம் இருக்கு சார்?” என்று கேட்டது என் வாய்தான்.

“நடனம் முடிய நாலு, அப்புறம் தலைவர் பேச்சு அஞ்சு.”

“அவர் அஞ்சு நிமிஷத்துல முடிச்சதா சரித்திரமே இல்ல,” என்றார் பல் டாக்டர்.

முடிச்சுகள் அப்படியே இருக்கலாம். சுற்றுகளை மட்டும் பிரித்தால் போதும். பதினேழாம் படியிலிருந்து மறுபடி. பொம்மையில் அதற்கு ஆறு நிமிடம் பத்து விநாடி.

“அண்ணி, உங்களுக்குச் சம்மதமா? வேண்டாம்னா இப்பவே அவுத்துடறேன்.”

அவர் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என்னை. “கட்டு.”

“அப்போ ஒண்ணு செய்யணும். நிக்காதீங்க, பாடுங்க. நான் கட்டி முடிக்கற வரைக்கும் பாடிட்டே இருங்க. தொப்பை தெரியட்டும்.”

“உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத,” என்று சொல்லிவிட்டு அவர் தொடங்கினார்.

அப்படி ஒரு கட்டு நான் கட்டியதே இல்லை. இரண்டு கைக்கு நடுவே ஒரு பாட்டு ஏறி இறங்கியது. விலா எலும்புகள் விசிறிபோல் விரிந்தன. நான் நினைத்ததைவிட எவ்வளவோ அதிகம்! அவர் முழு மூச்சு எடுக்கும் நொடிக்குக் காத்திருந்து, அந்த விரிவில்தான் கயிற்றைப் படியவிட்டேன். அடுத்த மூச்சில் கொக்கி. அதற்கடுத்த மூச்சில் இழுப்பு. முதல் வைரம் திறந்தது.

“இருவத்திரெண்டு,” என்றார் டாக்டர். “வலது நுனியை முதுகின் நடுவே...”

“தெரியும் டாக்டர், மேல படிங்க.”

இரண்டாவது. வெளியே கைதட்டல். நடனம் முடிந்திருந்தது. மூன்றாவது திறந்தபோது கையில் மிஞ்சிய கயிற்றைப் பார்த்தேன். போதாது. முழு மூச்சுக்கு இடம் விட்டதில் ஒவ்வொரு சுற்றும் கூடுதலாகக் கயிறு குடித்திருந்தது. கடைசியில் ஒரு சாண் மட்டுமே மிஞ்சும்படி கணக்குப் போட்டு வெட்டியவள் நான். நான்காவது வைரத்தைச் சுற்றினால், முடிந்துவைக்க நுனியே இருக்காது. சிவப்பில் வேறு கயிறும் கிடையாது.

“முப்பத்தொண்ணு,” என்றார் டாக்டர். “நான்காம் வைரத்துக்கு...”

நான் அண்ணியின் வயிற்றைப் பார்த்தேன். பாட்டின் ஆழமான மூச்செல்லாம் அங்கேதான் போய்ப் பெருகியது, நான்காம் வைரம் உட்கார வேண்டிய அதே இடத்தில்.

“முப்பத்தொண்ணு வேண்டாம். முப்பத்தெட்டுக்குப் போங்க.”

“ஏம்மா, நடுவுல ஏழு படி இருக்கே?”

“எனக்குத் தெரியும் டாக்டர். விட்டுருங்க.”

நான்காவது இடத்தில் இழைகளை நேராகவே தொங்கவிட்டேன், படகிலிருந்து இறங்கும் இரண்டு கயிறுகள்போல. இடுப்புச் சுற்றைத் தளர்த்தி இடுப்பெலும்பின்மேல் இறக்கினேன். மிஞ்சியதை இடப்பக்கம் சுற்றி, நுனிகளைக் குஞ்சமாக விட்டேன். பாட்டு நின்றது. அண்ணி மூச்சை வெளியே விட்டார். கயிறெல்லாம் லேசாகத் துவண்டது.

“தொங்குதே,” என்றார் மாஸ்டர்.

எனக்கும் அதுதான் தெரிந்தது. வைரத்தின் கூர்மை எல்லாம் போய்விட்டது. டீச்சர் பின்னால் வந்து விரல்களை நுழைத்துப் பார்த்தார்.

“இப்போ அந்தக் கடைசி வரி,” என்றார்.

“இங்க வேண்டாம்,” என்றார் அண்ணி. “அங்கயே பாடிக்கறேன்.” எங்களைத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார். தலைவர் அப்போதுதான் நன்றி சொல்லத் தொடங்கியிருந்தார்.

திரைக்குப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். டீச்சர் ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம். கறுப்பு அங்கியில் சிவப்பு எரிந்தது. முதல் வரியில் வைரங்கள் மெல்ல அசைந்தன. மூச்சு எடுக்கும்போது திறந்தன. பாடப் பாட ஒடுங்கின. மூன்று வைரமும் ஒன்றன்பின் ஒன்றாக, மீன் செவுள்போல. அரங்கில் யாரோ “அதைப் பாரேன்” என்பது கேட்டது. பொம்மையில் ஒருநாளும் இது நடக்காது. நான் வரைந்த எந்தப் படத்திலும் இது இல்லை.

கடைசி வரி வந்தது. அண்ணி மூச்சை இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். கயிறு நிறைந்தது, வைரங்கள் கத்தி முனைபோல் கூர்மையாகி விரிந்து நின்றன, அதற்கு மேலும் இடம் இருந்தது. குரல் உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது. நான் டாக்டரின் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. “நாளைக்கு ரெண்டு ரூட் கெனால் இருக்கும்மா,” என்றார் பரிதாபமாக.

கைதட்டலுக்கு நடுவே அண்ணி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். முடிச்சுகள் என் நெஞ்சில் குத்தின.

“தொட்டுட்டேன்! கேட்டியா? தொட்டுட்டேன்டி!”

“கேட்டேன் அண்ணி. அவுத்துடவா?”

“தொட்டேன்னா பாரு!”

வாசலில் அண்ணன் குழந்தையோடு நின்றிருந்தார். அண்ணியின் கயிற்றைக் குனிந்து, விரல் வைத்து எண்ணினார்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு. நோட்டுல நாலு போட்டிருந்தியே. இதையும் முக்கால்ல விட்டுட்டியா?”

“இல்ல,” என்றேன். “முடிச்சுட்டேன்.”

அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

வீடு வரும்வரை அண்ணி அவிழ்க்கவிடவில்லை. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்தார். மடியிலிருந்த குழந்தை, திறந்து மூடும் வைரத்துக்குள் விரலை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தது.

இன்று காலை நோட்டைத் திறந்து முப்பத்தொன்று முதல் முப்பத்தேழு வரை கோடு போட்டு அடித்தேன். நேரம் என்ற கட்டத்தில் எதுவும் எழுத முடியவில்லை. நாற்பத்து நான்கு முறையில் நேற்று இரண்டாவதாகக் கட்டியதற்கு மட்டும் யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை கடைசி வகுப்பு. பையில் கயிற்றை வைத்துவிட்டேன்.